வலைப்பையின் வெளிப்புறம்

சலித்த மண்ணை வலைப்பையில் நிரப்பி, தேக்கு மரத்தடியில் புதைத்து, எட்டு மாதம் கழித்துத் தோண்டி, எவ்வளவு சல்லிவேர் உள்ளே நுழைந்திருக்கிறதென்று பார்ப்பதுதான் ரெஜினாவின் ஆராய்ச்சி. முதல் வருடம் பைகள் வெறுமையாக வந்தன. இந்த வருடம் அலச அலச, தலைமுடி கணக்காய் வேர். அவளுக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரம் முடிவை ஒப்படைக்க வேண்டும். அலசிய பையைக் காயப்போடும்போது, வெளிப்புறத்தை விரலால் தடவினாள். வழுவழுவென்றிருந்தது. வலையின் ஒரு கண்ணில்கூட வேர் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே கிடந்த வேர்களை எடுத்துப் பார்த்தாள். எல்லாமே இரண்டு பக்கமும் நறுக்கியவை.

"சடையாண்டி அண்ணே, என்ன இது?"

தோட்டக் காவலாளி சடையாண்டி, அவள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று மைல் நடந்து கஞ்சி கொண்டுவந்தவர். தலையைச் சொறிந்தார்.

"போன வருசம் சோறு திங்காம அழுதீங்களே, தாயி. மனசு கேக்கல. பக்கத்து மரத்துல கொஞ்சம் நறுக்கி உள்ள போட்டு, தச்சு வச்சேன்."

"எத்தனை பையில?"

அவர் கடைசிப் பையை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் வெள்ளை வேர் ஒன்று வலைக்கண்ணைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.

"இது நான் இல்ல. சத்தியமா அதுவா வந்தது, தாயி."

ரெஜினா வேரைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்த அவருடைய பருத்த விரல்களுக்கு, வலைக்கண்ணில் வேரைக் கோக்கவும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.