தங்கப்பழம் பாடுகிற மாதிரி

தங்கப்பழத்தின் உடலைப் பூப்பல்லக்கில் ஏற்றியதும் பேண்டுக்காரர்கள் அவருக்குப் பிடித்த பழைய காதல் பாட்டை எடுத்தார்கள். அவர் மனைவி செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ட்ரம்பெட் வாசித்த ஆசீர்வாதத்தின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, இது அவுக பாட்டு இல்ல.”

“இந்தப் பாட்டத்தானம்மா வாசிக்கச் சொன்னாவ?”

“பாட்டு இதான். அவுக பாடுனா இப்படி இருக்காது. மேல போவ வேண்டிய எடத்துல கீழ எறங்கிருவாக. அப்படி வாசிங்க.”

ஆசீர்வாதம் முயன்றார். அந்த இடம் வந்ததும் ட்ரம்பெட் தானாக மேலே போயிற்று. அடுத்த முறை எங்கேயோ இறங்கியது. அது தங்கப்பழம் இறங்குகிற இடமில்லை.

“தப்பா வாசிக்க எனக்கு வரலியேம்மா” என்றார் பாவமாக.

“மதினி, நேரமாவுது. ஊரே பாக்குது” என்று கொழுந்தன் அதட்டினான்.

குளிக்கும்போது தங்கப்பழம் அந்த வரியைக் கெடுக்கிறபோதெல்லாம், அடுப்படியிலிருந்து சரியாகப் பாடித் திருத்தியவள் செண்பகவல்லிதான். மனுஷன் கடைசிவரை திருந்தவேயில்லை. தெருமுனைக்கு அப்பால் பெண்கள் போகக் கூடாது. பல்லக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

“இருங்க, நானே பாடிக் காட்டுதேன்.”

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்த இடத்தில் குரல் கொஞ்சமும் பிசகாமல் மேலே ஏறியது. நெற்றியில் அறைந்துகொண்டு, முதலிலிருந்து மறுபடி பாடினாள். மறுபடியும் சரியாகவே வந்தது.