ஜெனிலாவின் கையெழுத்து

“சேத்துல இறங்காம எப்படிடி கழிமுகத்தப் படிப்ப?” என்று சகாயராணி டீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார். பள்ளியை விட்ட பிறகும், கழிமுகத்துச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டே, அங்கே அவர் நடத்தும் வகுப்பைக் கவனிப்பேன்.

இப்போதெல்லாம் ஊர்க் கட்டுப்பாட்டின்படி, அவருடைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சேற்றைச் சோதித்துக் கையெழுத்திட்டால்தான் இறால் பண்ணையின் கழிவுநீர் மதகு திறக்கும். இன்றைய முறை பண்ணை மேலாளரின் மகள் ஜெனிலாவுக்கு.

“நல்ல தண்ணின்னு மெஷினே சொல்லுது, போட்டுரும்மா,” என்றார் அவள் அப்பா, கரையில் நின்றபடி.

ஜெனிலா முழங்கால் சேற்றில் அளவு வட்டமாக ஒரு சைக்கிள் ரிம்மைப் பதித்து, அதற்குள் இருந்த நண்டு வளைகளை எண்ணினாள். டீச்சர் கையெழுத்து நோட்டை அவளிடம் நீட்டினார்.

“போன மாசம் தண்ணி விடுறதுக்கு முன்ன பன்னெண்டு இருந்துச்சுப்பா. இப்ப மூணுதான். போட மாட்டேன்.”

“என் வேலை போயிரும்மா.”

“நீங்களே இறங்கி எண்ணுங்க.”

அவர் இறங்கிக் குனிந்து எண்ணினார்; மூன்றுதான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுபடி கையெழுத்துக் கேட்காமல் சேற்றுக் காலோடு போய்விட்டார்.