மீளமைப்பு என்றால் என்ன?

"மீளமைப்புன்னா இருந்ததை இருந்தபடியே கட்டுறது. இதுல பேச என்ன இருக்கு?" என்றார் பொறியாளர்.

"இருந்தபடியே கட்டினா, செத்தபடியேதான் சாகணும் அண்ணே," என்றாள் திட்ட அதிகாரி.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். போருக்குப் பிந்தைய வட்டார மேம்பாட்டுத் திட்டத்துக்கு முதலில் சொற்களுக்கு விளக்கம் எழுத வேண்டும். எது வீடு, எது சாலை, யார் ஊர் திரும்பியவர் என்று எல்லாவற்றுக்கும். காலையிலிருந்து மல்லுக்கட்டியும் முதல் சொல்லையே தாண்டவில்லை. தட்டச்சுப் பெண் விசைகளின்மேல் விரல்களை வைத்தபடி கொட்டாவியை விழுங்கினாள்.

மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் அதிகாரியின் விரல் ஒரு சந்தில் போய் நின்றது.

"இதுக்குள்ள ஆம்புலன்ஸ் நுழைய முடியல. தெருமுனையில நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. என் வீட்டுக்காரரைப் போர்வையில போட்டுத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

பொறியாளருக்கு அது தெரியும். போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"அந்தச் சந்தோட அகலத்தைக் கூட்டினா முதல்ல போறது என் வீடு, தங்கச்சி. எங்கப்பா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டினது. அந்த வரிசையிலயே அது ஒண்ணுதான் நிக்குது."

"தெரியும்ண்ணே. அதான் உங்களைக் கேக்காம எழுத மனசு வரல."

அவர் பென்சிலை எடுத்துத் தன் வீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"எழுதிக்கம்மா," என்றார் தட்டச்சுப் பெண்ணிடம். "மீளமைப்புன்னா, ஆபத்துன்னு ஒருத்தன் கூப்பிட்டா இன்னொருத்தன் போய்ச் சேர்ற மாதிரி ஊரைக் கட்டுறது. அதை நல்ல தமிழ்ல மாத்திக்க."

விசைகள் படபடத்தன. அடுத்த வரியிலேயே நின்றன.

"அக்கா, திட்டக் காலம் 'போர் முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்'னு இருக்கு. பக்கத்துல தேதி போடணும். என்ன தேதி?"

பொறியாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்த இடத்தைக் காலியா விடும்மா," என்றாள் அதிகாரி.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வெளியே அடுத்த குண்டு விழுந்தது. அந்த நிலவறையின் கூரையிலிருந்து காரை பொலபொலவென்று வரைபடத்தின்மேல் உதிர்ந்தது.