அடுத்த தெருவில் ஒரு ரூம்

"மாப்ள, உங்கப்பா அடுத்த தெரு ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கார்."

கடை ஷட்டரைப் பாதி தூக்கிய கை அப்படியே நின்றது. ஃபோனில் பேசியவர் மனைவியின் அண்ணன். அந்த ஹோட்டலுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுப்பவர். பொய் சொல்ல மாட்டார். சும்மாவும் இருக்க மாட்டார்.

"எங்கப்பாவா? வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"ஊருக்கு ஒரு பூட்டுதானே மாப்ள. எனக்குத் தெரியாதா?"

பூட்டு என்பது அப்பாவுக்கு ஊர் வைத்த பேர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பற்பசை டியூபைக் கத்தரியால் பிளந்து வழித்தெடுக்கும் வீடு. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டும் வீடு. அந்த வீட்டு மனுஷர் ஹோட்டலில் ரூம் போடுவதாவது.

மச்சான் குரலைத் தணித்தார். "தனியா இல்ல போலிருக்கு. காலைல மேல ரெண்டு பேருக்கு டிபன் போச்சாம்."

காது சுட்டது. அம்மாவுக்கு ஃபோன் போட்டான். எடுக்கவில்லை. பாவம், எங்கே உட்கார்ந்து அழுகிறாளோ. ஆயுசு முழுக்க அந்த மனுஷரிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள்.

ஷட்டரை இறக்கினான்.

ஹோட்டலின் கடைசி மாடி. கதவைத் தட்டவில்லை, இடித்தான்.

திறந்தது அம்மா. தலை ஈரமாக இருந்தது. ஹோட்டல்காரர்கள் தருகிற வெள்ளை அங்கி கணுக்கால் வரை தொங்கியது.

"வாடா. செருப்பை அங்கேயே விடு. கம்பளம் அழுக்காயிடும்."

கொண்டுவந்த கோபத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதனாலென்ன, வேறு கோபம் கைவசம் இருந்தது. உள்ளே போனான்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்டூலில் கால் நீட்டி, பழச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தது.

"என்னப்பா இது?"

"பாத்தா தெரியல? ரூம்."

"நடந்து போற தூரத்துல வீட்டை வெச்சுக்கிட்டு ரூமா? ஊர் சிரிக்குது."

"இவ்வளவு நாள் திட்டிச்சு. சிரிக்கறது தேவல."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம்."

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"ஸ்கூல் டூருக்கு எல்லாரும் போனாங்க. நான் மட்டும் போகல. கேட்டா, அப்பா விடமாட்டார். சைக்கிள் கேட்டேன். அப்பா விடமாட்டார். தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட அம்மா ஒரு நல்ல புடவை எடுத்துக்கல. அதுக்கும் நீங்க விடல. இப்ப உங்களுக்குன்னதும் கை தாராளமாயிடுச்சா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு அவர் என்றைக்குமே பதில் சொன்னதில்லை.

"நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி செலவுன்னா என்ன பண்ணுவீங்க? அம்மாவை நெனச்சுப் பாத்தீங்களா?"

அப்பா எழுந்தார். "சரி, கத்தாதே. பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க. கெளம்பறோம்." அலமாரியைத் திறந்து சட்டையை உருவினார்.

மகனுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

"அதைத் திரும்ப உள்ளயே மாட்டுங்க," என்றாள் அம்மா.

"பையன் சொல்றதும்..."

"மாட்டுங்கன்னேன்."

சட்டை அலமாரிக்குத் திரும்பியது. அவரும் ஜன்னலோரம் திரும்பினார். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டில் இப்படி ஒரு காட்சியை அவன் பார்த்ததில்லை.

அம்மா ரூம் ஃபோனை எடுத்தாள். "கீழயா? ஒரு வாரம்னு சொல்லியிருந்தேன். ரெண்டு வாரமா போட்டுக்கோங்க. பணம் இப்பவே வேணும்னாலும் வந்து கட்டறேன்."

"அம்மா, என்ன பண்றே?"

"ஆஸ்பத்திரிக்குன்னு தனியா எடுத்து வெச்சாச்சு. வீட்டுக் கடன் தீர்ந்தாச்சு. அதுக்கு மேலயும் மிச்சம் இருந்தது. இவர் ரிட்டயராகி வந்த அன்னிக்கு, 'உங்களுக்கு என்ன வேணும்'னு கேட்டேன். இந்த ஹோட்டல் லிஃப்ட் நின்னா ராப்பகல்னு பாக்காம ஓடி வருவார்டா. பின்வாசல்ல வந்து பின்வாசல்ல போவார். 'ஒரு நாள் முன்வாசல்ல நுழைஞ்சு, ரூமுக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்'னார். நான்தான் ரூம் போட்டேன்."

"நீயா? அதுக்கு இவர் எப்படி விட்டார்?"

"இவர் எதுக்குடா விடல? சம்பளக் கவரைப் பிரிக்காம என் கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்கு என்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போன மனுஷன். டூருக்கு அனுப்புன்னார். சைக்கிள் வாங்கிக் குடுன்னார். எனக்குத்தான் மாசக் கடைசின்னாலே வயித்துல புளியக் கரைக்கும். வேண்டாம்னது அத்தனையும் நான்."

மகன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "அப்ப, எது கேட்டாலும் அப்பா மேல பழியப் போட்டியே..."

அம்மா பழச்சாறு டம்ளரை எடுத்து அப்பா கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"'பசங்க அழுதுட்டு வந்தா உன் மடிக்குத்தான் வரணும், என்னைக் கெட்டவன்னு சொல்லிக்கோ'ன்னு சொல்லிக் குடுத்ததே இந்த மனுஷன்தான்டா."