மடங்காத முட்டி

“முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சும்மா. இன்னும் பாதிகூட மடங்கல. நான் சொன்ன பயிற்சியைச் செய்றீங்களா?” என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட்.

“உயிர் போற வலி தம்பி,” என்றாள் அம்மா.

“மாத்திரை போட்டுட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்யணும். இப்படியே விட்டா மூட்டு இறுகி, காலம் பூரா நொண்டணும். பாவம், உங்க பொண்ணு புருஷன் வீட்டை விட்டுட்டு வந்து உங்களைத் தாங்குறாங்க. அவங்களுக்காகவாவது மடக்கக் கூடாதா?”

அவர் அலுத்துக்கொண்டு கிளம்பியதும் மருமகனின் போன் வந்தது.

“அத்தை, எழுந்து நடந்தாச்சா? அவளை எப்ப அனுப்புறீங்க?”

“அடியெடுத்து வைக்க முடியல மாப்பிள்ளை. இன்னும் ஒரு மாசமாவது ஆகும்.”

மகள் ஐஸ் பையைக் கொண்டுவந்து முட்டியில் வைத்தாள். “மாத்திரை அப்படியே இருக்கு. பயிற்சியும் செய்யல. ஏம்மா உன் காலை நீயே கெடுத்துக்கிற?”

குனிந்தபோது அவளுடைய சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேல் சிகரெட்டால் சுட்ட வடுக்கள் வரிசையாகத் தெரிந்தன.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் நடக்கிற வரைக்கும்தான் உன்னை இங்க விட்டு வச்சிருக்கான்,” என்றாள். “நான் நடக்கப் போறதில்லடி.”