நான்காம் வாசல் விதி

உலகக் கோப்பை மைதானத்தின் நான்காம் வாசலில், டீச்சரம்மாவின் பையிலிருந்த அட்டையைக் காவலர் பிடுங்கினார்.

“மனித உரிமை, அது இதுன்னு எதுவும் உள்ள போகக் கூடாதும்மா. விருந்தாளிங்க வந்திருக்காங்க.”

“தாராளமா எடுத்துக்கோங்க.”

பறித்த அட்டையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் கட்டுப்பாட்டு அறைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. காவலர் வாக்கி டாக்கியை எடுத்தார்.

“இந்த மைதானத்தைக் கட்டிய கொத்தனார்களைச் சிறையிலிருந்து விடு!”

“ஒரே இரைச்சல். கத்திப் படிய்யா!” என்றது கட்டுப்பாட்டு அறை.

கத்தினார். வெளிநாட்டு நிருபர்களின் கேமராக்கள் திரும்பின.

“இன்னும் சத்தமா!”

நரம்பு புடைக்க அவர் மூன்றாம் முறை கத்தும்போது, ஜீப்பில் வந்த அதிகாரிகள் அவரை அள்ளிக்கொண்டு போனார்கள். கோஷம் போட்டது குற்றமாம்.

டீச்சரம்மா டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய், ஆட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

மறுநாள் அதே வாசலில் புதுக் காவலர். டீச்சரம்மாவின் பையில் புது அட்டை. பிடுங்கியவர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

“நேற்று இந்த வாசலில் நின்ற காவலரை விடுதலை செய்!”

“கேக்கல. சத்தமா!”

காவலரின் முகம் வெளிறியது. டீச்சரம்மா அவர் தோளைத் தட்டினார்.

“பயப்படாம படிங்க தம்பி. நாளைக்கு உங்களுக்கும் எழுதிக் கொண்டு வர்றேன்.”