உறைக்கு எடுத்து வைத்தது

புற்றுநோய்க்கான மருந்து நாளை மறுநாள் தொடங்கும். அதற்கு முன் மகளின் சினைப்பையிலிருந்து சிறு துண்டை எடுத்து உறைய வைக்கலாம், பின்னாளில் அவளுக்குப் பிள்ளை வேண்டுமென்றால் அது உதவக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளும் சம்மதிக்க வேண்டுமாம். ஒன்பது வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கோமதி கட்டிலருகே போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்படியோ சொல்லி முடித்தாள்.

பவதாரிணி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரியாம்மா?”

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமாட்டி, அதே மாதிரிதான்.”

“அப்ப சரி. ஆனா யாரு வந்து உறை கேட்டாலும் கிண்ணத்தோட தூக்கிக் குடுத்துருவியே நீ. இதைக் குடுத்துராத.”

“இல்ல தாயி, குடுக்க மாட்டேன்.”

“வேணுமா வேண்டாமான்னு நான் பெரியவளானப்புறம் சொல்லுவேன்.”

பெரியவளானப்புறம். நோய் தெரிந்த நாளிலிருந்து மகள் வாயில் வராத பேச்சு அது. அந்தச் சொல் அறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கோமதி விட்டுவிட்டாள்.